வண்டுக்கு வீடு

பூக்கிறதெல்லாம் காய்த்தே ஆகவேண்டுமென்று யார் சட்டம் போட்டது? சட்டம் போடுகிறவர்களுக்கு வேறு வேலை இல்லையா?

குணேஸ்வரி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கொடித்தோடை என்கிற பாஷன் பழக் கொடியின் பந்தலின் கீழ் உதிர்ந்து கிடந்த பூக்களைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். பின்னால் மச்சாள் அன்னலட்சுமி நின்றாள். வீடு மச்சாளுடையது. கட்டைபறிச்சானில் ஷெல் விழத் தொடங்கியதும் குணேஸ்வரியும் கணவன் தவராசாவும் குடாக்கடலைக் கடந்து அவனுடைய அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள். அவசரத்தில் அவள் அள்ளிக்கொண்டு வந்ததில் நகைப்பெட்டி இருக்கவில்லை. கொடித்தோடை விதை மடித்த காகிதச் சரை இருந்தது. அதை மச்சாள் இன்னும் சொல்லிக்காட்டுவாள்.

"பூ மட்டும் நல்லாத்தான் பூக்குது," என்றாள் மச்சாள். "பொங்கல் வரைக்கும் பாப்பன். பிறகு புடுங்கி எறிஞ்சுபோட்டுக் கோழிக்கூடு வைக்கப்போறன். கோழியெண்டால் முட்டையாவது போடும்."

"காய்க்கும் மச்சாள்."

"எப்ப? சண்டை முடிஞ்ச பிறகோ?"

அந்த வளவில் குணேஸ்வரிக்குச் சொந்தம் என்று இருந்தது பந்தலின் நிழல் ஒன்றுதான். அதற்குள் நிற்கும்போது மட்டும் அவள் யாருடைய தயவிலும் நிற்கவில்லை.

பக்கத்து வீட்டு ஸாலிஹா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "குணேஸக்கா, கொடியில ஒரு பிழையுமில்ல. இந்தப் பெரிய பூ காய்க்கிறதுக்குக் கருவண்டு வந்து மகரந்தம் பூசணும். சின்னத் தேன்பூச்சி தேனைக் களவெடுத்திட்டுப் போயிரும்."

"அதை எப்பிடிக் கூப்பிடுறது?"

"வீடு குடுக்கணும். கிண்ணியாவில எங்கட மாமா காஞ்ச மூங்கில் துண்டுகளைக் கட்டித் தொங்கவிடுவார். கருவண்டு கூட்டமா இருக்காது. ஒவ்வொண்டும் தனித்தனியாத்தான் குடியிருக்கும்."

"தனித்தனியாவோ?"

"ஓம். மாமியும் இல்ல, மச்சாளும் இல்ல."

குணேஸ்வரிக்கு அந்த வண்டின்மேல் பொறாமையாக இருந்தது.

மூங்கில் துண்டுகளை அவளே அரிந்தாள். கயிறு மழைக்கு உக்கிப்போகும் என்று தவராசா துறைமுகத்தில் வேலை முடிந்து வரும்போது கறுப்பு டேப் கொண்டுவந்து இறுக்கிச் சுற்றிக் கொடுத்தான். காலை வெயில் படவேண்டுமென்பதால் அதை வீட்டின் முன் தாழ்வாரத்தில் தொங்கவிட்டார்கள். எதிரே நேவியின் சென்றிக் காவலரண் இருந்தது. அதைப் பற்றி வண்டும் யோசிக்கவில்லை, அவர்களும் யோசிக்கவில்லை.

ஒரு பின்னேரம் வண்டு வந்தது. கன்னங்கரேலென்ற உடம்பு, நீலம் மின்னும் சிறகு. ஒவ்வொரு குழாயாக எட்டிப் பார்த்து, கடைசியில் ஒன்றுக்குள் நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் கீழே மூங்கில் தூள் உதிர்ந்தது. யாரோ தன் வீட்டைத் தானே திருத்திக்கொள்ளும் சத்தத்தைக் குணேஸ்வரி வெகுகாலத்துக்குப் பிறகு கேட்டாள்.

மறுநாள் சென்றிச் சிப்பாய் வந்தான். "இது என்ன?"

"வண்டுக்கு வீடு," என்றாள் குணேஸ்வரி.

"யாருக்கு?"

"வண்டுக்கு, மாத்தயா."

அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஒன்று பழகிப்போயிருந்தது. நம்பமுடியாத உண்மையைவிட நம்பக்கூடிய பொய் பாதுகாப்பு. எந்தப் பொய் என்பதைத்தான் வீட்டுக்குள் பேசி வைத்திருக்கவில்லை.

"அது பூச்சாடி," என்றாள் மச்சாள்.

"புல்லாங்குழல் மாத்தயா," என்று அதே நேரம் கிணற்றடியிலிருந்து தவராசாவின் குரல் வந்தது. "நான் ஊதுறனான்."

"ஊது பாப்பம்."

"இப்ப எனக்குத் தடிமன், மூக்கடைச்சுக் கிடக்கு."

சிப்பாய் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அவன் வேலிக் கடப்பைத் தாண்டியதும் தவராசா மூங்கில் கட்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் கக்கூசுக்குப் பின்னால் வைத்துச் சாக்கால் மூடினான்.

"சாக்குப் போட்டா வண்டு எப்பிடி வெளியில போறது?"

"நாங்கள் எப்பிடி வெளியில போறதெண்டு யோசி."

அடுத்த நாள் செக்கிங். முன்னால் தொங்கிய பொருள் எங்கே என்று கேட்டார்கள். எரித்துவிட்டோம் என்றாள் மச்சாள். கடலில் எறிந்துவிட்டேன் என்றான் தவராசா. குணேஸ்வரி கக்கூசுப் பக்கம் பார்த்துவிட்டாள்.

ஒரு சிப்பாய் துவக்குக் குழல் நுனியால் சாக்கைத் தூக்கினான். கறுப்பு டேப் சுற்றிய கட்டு உள்ளேயிருந்து உறுமியது.

அவன் குண்டு என்று சிங்களத்தில் கத்தினான். எல்லோரும் நிலத்தில் விழுந்தார்கள். மச்சாள் கொடித்தோடைப் பாத்திக்குள் விழுந்தாள். தெருச் சனத்தையெல்லாம் எழுப்பிக் கொண்டுபோய் வெயிலில் இருத்தினார்கள். அடுப்பில் கறியை விட்டுவிட்டு வந்த ஸாலிஹா வாய்க்குள் ஏதோ ஓதினாள். அது பிரார்த்தனையா, தன் மாமாவுக்கான ஏச்சா என்று தெரியவில்லை.

முகாம் பெரியவர் ஜீப்பில் வந்தார். கண்ணாடி போட்ட இளம் வயது அதிகாரி. எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டுத் தனியாகக் குந்தியிருந்து மூங்கில் கட்டின்மேல் காதை வைத்தார். வெகுநேரம் கேட்டார். வண்டு வெளியே வந்து அவருடைய சட்டைக் கையில் ஊர்ந்தது. அவர் உதறவில்லை. துணிச்சலான மனிதர் என்று குணேஸ்வரி நினைத்தாள்.

"மிச்சம் ஆபத்தான சாமான்," என்றார், நல்ல தமிழில். "கொண்டுபோய் அழிக்கவேணும்."

ஈரச் சாக்கில் பொதிந்து, நித்திரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு பேர் அதைத் தூக்கிப்போனார்கள். தவராசாவையும் கொண்டுபோனார்கள். அவனை அப்படித் தூக்கவில்லை.

பின்னேரம் கடல் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. "போச்சுது உன்ர வண்டு வீடு," என்றாள் மச்சாள். வண்டு உள்ளே இருந்திருக்குமா, வெளியே இருந்திருக்குமா என்று குணேஸ்வரி யோசித்தாள். கணவனைப் பற்றியல்லவா முதலில் யோசித்திருக்கவேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. அது அவளை வெகுநாள் சுட்டது.

பொழுதுபட முதல் தவராசா நடந்தே வந்தான். வீங்கிய உதட்டோடு தேத்தண்ணீர் குடித்தான். இனித் திங்கட்கிழமைதோறும் முகாமில் கையெழுத்து வைக்கவேண்டும் என்று மட்டும் சொன்னான்.

மச்சாள் பொங்கல் வரை பொறுக்கவில்லை. கொடியை அடியோடு பிடுங்கினாள். அவள் நிலையில் தானும் அதைத்தான் செய்திருப்பேன் என்று குணேஸ்வரிக்குத் தெரிந்தது. அதனால் கோபிக்கக்கூட வழியில்லாமல் போயிற்று. கோழிகள் வந்தன. ஷெல் சத்தத்துக்குப் பயந்து அவை முட்டையிடவில்லை.

மாரி போய், வெயில் காலமும் வந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை தவராசா கையெழுத்து வைக்கப் புறப்பட்டுச் சைக்கிளை எடுக்கும்போது சென்றிச் சிப்பாய் ஒரு பையோடு வந்தான்.

"அம்மாவுக்குச் சேர் தந்தது. அண்டைக்கு ஜீப்பில வந்த சேர்."

மச்சாள்தான் பையைத் திறந்தாள். மஞ்சள் மஞ்சளாய்க் கொடித்தோடைப் பழங்கள். "கடவுளே, எவ்வளவு பெரிசு!"

"சேர்ட பங்களாப் பந்தல்ல காய்ச்சது," என்றான் சிப்பாய் சந்தோஷமாக. "முந்திச் சும்மா பூ, பூ மட்டும். அம்மாட மூங்கிலைக் கொண்டுபோய்த் தொங்கவிட்ட பிறகுதான் இப்பிடி. இப்ப மூங்கில் பழசாப் போச்சு. அம்மாகிட்டச் சொல்லி இன்னொண்டு கட்டி வாங்கி வரச் சொன்னார்."

மச்சாள் குணேஸ்வரியின் முழங்கையைக் கிள்ளினாள். "கட்டிக் குடு பிள்ளை," என்று காதுக்குள் சொன்னாள். "தம்பியின்ர கையெழுத்தை நிப்பாட்டுவாங்கள்."

குணேஸ்வரி கணவனைப் பார்த்தாள். அவன் குனிந்து, சைக்கிள் ரயரில் காற்று இருக்கிறதா என்று விரலால் அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி அமத்தினான். நிமிரவில்லை.

அவள் மச்சாளிடமிருந்து பையை வாங்கினாள். அதன் வாயைச் சுருக்கி, சிப்பாயின் கையில் திரும்ப வைத்தாள்.

"ஏலாது தம்பி," என்றாள், மெதுவாக.