மூன்று பேராகக் கப்பல் ஏறக் கூடாது

"மூணு பேரா நல்ல காரியத்துக்குப் பொறப்படறதா? அதுவும் கப்பல்லயா? வேற வெனையே வேண்டாமுங்க மச்சான்!" என்று சொல்லிவிட்டு, மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார் அப்புசாமி. நாச்சிமுத்துவின் மனைவி பாவாயிக்கு அண்ணன் அவர். சகுனம், சாஸ்திரம் என்றால் அவரை மீறி அந்தக் குடும்பத்தில் ஒன்றும் நடக்காது.

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. பினாங்கில் கடை வைத்திருக்கும் தங்கை கண்ணாத்தாள் ஆனி மாதமே எழுதியிருந்தாள்: "தை மாசம் சின்னவளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் குத்த மாட்டேன். குடும்பத்தோடு வந்து சேருங்கள் அண்ணா." பன்னிரண்டு வருடமாகப் பார்க்காத தங்கை. போகாவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

தான் ஒன்று, பதினாறு வயது மகள் சாரதாமணி இரண்டு, பதினான்கு வயது மகன் சின்னண்ணன் மூன்று என்று அவர் எப்போதோ கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்த மூன்று இத்தனை நாள் அவர் கண்ணை உறுத்தவே இல்லை.

எருமைகளையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ள மனைவி பாவாயி இருக்கிறாள். ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குக் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு போனவள், ஒரு வளையல்கூட வாங்காமல் திரும்பி வந்தாள். அப்பேர்ப்பட்டவளுக்குக் கப்பல் எதற்கு?

"ஒரு கல்ல எடுத்துப் பையில போட்டுக்கலாமுங்கப்பா. நாலாயிருமில்ல?" என்றான் சின்னண்ணன்.

"கல்லுக்கு எவன் பாஸ்போர்ட்டு குடுப்பான்?" என்றாள் சாரதாமணி.

"உம் போட்டோவ ஒட்டுனாக் குடுத்துருவாங்க அக்கா."

சாரதாமணி அவனைத் துரத்திக்கொண்டு கிணற்றடிவரை ஓடினாள்.

"ஏனுங்க, கப்பல்ல தலை சுத்துமுங்களா?" என்று கேட்டாள் பாவாயி.

"பசங்களுக்கா? எலுமிச்சங்கா ஊறுகா கொஞ்சம் போட்டு வையி."

பாவாயி ஒரு ஜாடி நிறையப் போட்டு வைத்தாள்.

"நான் எதுக்கு இருக்கறனுங்க மச்சான்? நாலாவது ஆளா நான் வாரேன்" என்று அப்புசாமியே வழியும் சொன்னார். நாச்சிமுத்துவுக்கு உயிர் வந்தது.

மறுநாள் காலையில் அப்புசாமியின் மனைவி சௌந்திரம் வந்து நின்றாள். "என்னைய உட்டுப்போட்டு இவரு மட்டும் சீமை பாக்கப் போறாராங்கண்ணா?"

சரி, ஐந்து. ஐந்துக்கு ஒரு தோஷமும் இல்லை.

அதற்கு மறுநாள் ஜோசியர், அப்புசாமிக்கு அஷ்டமச் சனி, காவிரியைத் தாண்டுவதே ஆகாது என்று சொல்லிவிட்டார். அப்புசாமி நின்றுகொண்டார். சௌந்திரம் நிற்கவில்லை, அவள் ஆறு ரவிக்கை தைக்கக் கொடுத்தாகிவிட்டது. புருஷன் இல்லாமல் போகிறவளுக்குத் துணையாக அவளுடைய சின்னம்மா செல்லாயியும் சேர்ந்துகொண்டாள். மறுபடியும் ஐந்து.

ஐந்து பேரும் கூடிக் கூடிப் பேசினார்கள். ஆறாவதாக ஒருத்தி காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க மழை ஜாஸ்திங்களா?" என்று பாவாயி கேட்டாள்.

"சௌந்திரத்துக்கு நம்மூட்டுக் கொடையக் குடுத்துரு."

பாவாயி எழுந்து எருமைக் கொட்டகைக்குப் போய்விட்டாள். பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணுக்கு மூன்று வாரமாகப் பால் கறக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள். கை வலி போலிருக்கிறது, பாவம் என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டார். மனைவிமேல் அவருக்குப் பிரியம் உண்டு.

ஆவணி வெள்ளிக்கிழமை, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க ஐவரும் சேலத்துக்குப் பஸ் ஏறினார்கள். மல்லசமுத்திரத்தைத் தாண்டுமுன்பே சௌந்திரம் ஆரம்பித்தாள். "ரெட்டச் சடை போட்டுக்கிட்டா கப்பல்ல வாரது? வயசுப்புள்ள ஒத்தச் சடை போடு."

செல்லாயி சின்னண்ணனின் கிராப்பைப் பிடித்துப் பார்த்தாள். "இதென்ன சாமி, குருவிக் கூடாட்டம்? நாவிதரக் கூப்பிட்டு ஒட்ட வெட்டிப்போடணும்." சொல்லிவிட்டு அவன் மடியிலேயே வாந்தியும் எடுத்தாள்.

செவ்வாய்ப்பேட்டை ஸ்டூடியோ வாசலில் பிள்ளைகள் இருவரும் படியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இவங்க வந்தா நாங்க வல்லீங்கப்பா" என்றாள் சாரதாமணி.

"கழுத்தறுத்தாலும் வல்லீங்க" என்றான் சின்னண்ணன். அக்காளும் தம்பியும் ஒரே பேச்சாகப் பேசியது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"அதுக கெடக்குது, நாம போலாமுங்கண்ணா!" என்று சௌந்திரம் உள்ளே நுழைந்து கண்ணாடியில் பவுடர் பூச ஆரம்பித்தாள்.

நாச்சிமுத்து விரல் விட்டு எண்ணினார். தான் ஒன்று, சௌந்திரம் இரண்டு, சின்னம்மா மூன்று.

மறுபடியும் மூன்று! அவர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். தங்கை மகளின் காது இந்த ஜன்மத்தில் குத்தப்படப் போவதில்லை என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஸ்டூடியோக்காரர் கிறிஸ்துராஜ் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எத்தனை பேருக்குங்க எடுக்கணும்?"

"அதத்தான் ரெண்டு மாசமா எண்ணீட்டிருக்கேன்" என்று நாச்சிமுத்து கதை முழுவதையும் கொட்டினார்.

கிறிஸ்துராஜ் பொறுமையாகக் கேட்டார். "ஏங்க, உங்க வீட்டம்மா?"

"எரும மாட்ட உட்டுட்டு அவ எங்கீங்க வாரா?"

"அவங்களே சொன்னாங்களா?"

"சொல்லணுமாக்கும்? பதினெட்டு வருசமாக் குடும்பம் நடத்தறேன். என்ற பாவாயி மனசு எனக்குத் தெரியாதுங்களா?"

"பாவாயியா? மல்லசமுத்திரங்களா?" என்று கிறிஸ்துராஜ் மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு கவரை எடுத்து நாச்சிமுத்துவின் கையில் வைத்தார். உள்ளே ஒரே மாதிரி நான்கு சின்னப் படங்கள். கல்யாணப் பட்டு, தலை நிறையப் பூ, கேமராவை நேருக்கு நேராகப் பார்க்கும் இரண்டு கண்கள்.

"ஆடிப் பண்டிகைக்கு வந்தப்பவே பாஸ்போர்ட்டுக்குன்னு எடுத்துட்டாங்க" என்றார் கிறிஸ்துராஜ். "'அவரு நீயும் வாடின்னு ஒரு வார்த்தை சொல்லட்டுமுங்க, அன்னைக்கு வந்து வாங்கிக்கறேன்'னு சொல்லிட்டுப் போனாங்க."