விளங்கல்ல அண்ணன்

தான் கட்டிய வீட்டுக்குள் போக ஊராரிடம் வழி கேட்கும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் வவுணதீவில் இருக்கிறார்.

வயல்காரருக்கு விதைப்புக் காலமும் தண்ணீர் திறக்கும் நாளும் சொல்லும் இலவச மென்பொருள் ஒன்றை நாங்கள் சிலர் இணையத்தில் கூடி உருவாக்குகிறோம். சம்பளம் கிடையாது, சண்டை உண்டு. அந்த மென்பொருளில் முக்கால்வாசியை எழுதியவர் அவர். ஆனால் குழுவில் அவர் போடும் செய்தியெல்லாம் "எனக்கு விளங்கல்ல" என்றுதான் தொடங்கும். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

"எனக்கு விளங்கல்ல. இத கம்ப்யூட்டர்ல எப்பிடி ஏத்துற?" என்று ஒரு நாள் கேட்டார். ஏற்றும் முறையை எழுதி வைத்தவரே அவர்தான். இன்னொரு நாள், "அந்தக் கறுப்புத் திரையில பாஸ்வேர்ட் அடிக்கிறன், ஒரு எழுத்தும் தெரியுதில்ல. கீபோர்ட் பழுதா?" என்றார். அங்கே பாஸ்வேர்ட் கண்ணுக்குத் தெரியாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. குழு வயிறு வலிக்கச் சிரித்தது. அவரும் கூடச் சிரித்து, பதில் சொன்னவருக்கு நன்றியும் சொன்னார்.

நிர்வாகி மட்டும் சிரிக்கவில்லை. புதியவர் எவர் எதைக் கேட்டாலும் "முதல்ல தேடிப் பாருங்க" என்று கதவைச் சாத்துகிற ஆள். அவருக்கு அண்ணனின் மூளைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இணையவழிக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தார்.

"அண்ணே, குறை நினைக்காதீங்க. உங்களுக்கு மறதி வந்திட்டு. இனி நீங்க புரோகிராம் கோட்ல கை வைக்க ஏலா. அனுமதிய எடுக்கப் போறன்."

வருடக்கணக்கான உழைப்பு அது. "சரி மனே, எடுங்க" என்றார் அண்ணன். அவர் வாயில் நாங்கள் எல்லோரும் 'மனே', மகன்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. மனிதர் வாதாடவாவது வேண்டாமா?

அப்போது, குழுவில் சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்காத வெல்லாவெளி ரமணி மைக்கைத் திறந்தாள்.

"அந்தக் கீபோர்ட் கேள்வி என்ட. சிரிப்பீங்க எண்டு பயந்து அண்ணனிட்டத் தனியாக் கேட்டன். அவர் தன்ட பேர்ல போட்டார். ஆருக்கும் சொல்லாதீங்க எண்டு நான்தான் சொன்னன்."

"ஏத்துறது எப்பிடி எண்டு கேட்டது நான்" என்றார் ஓட்டமாவடிக் கடைக்காரர் ஒருவர். பிறகு இன்னும் சில மைக்குகள் திறந்தன.

நிர்வாகி திகைத்துப்போனார். "ஏன் அண்ணே, பதில நீங்களே தனியாச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம் மனே. ஒருத்தருக்கு விளங்காதது இன்னும் எத்தின பேருக்கு விளங்காம இருக்கும்? அவங்க வாய் திறக்க மாட்டாங்க. எனக்கென்ன, சிரிச்சாச் சிரிக்கட்டும்."

அனுமதி பறிபோகவில்லை. "தேடிப் பாருங்க" என்ற பதில்தான் ஒழிந்தது. இப்போது புதியவர்கள் தங்கள் பெயரிலேயே தாராளமாகக் கேட்கிறார்கள். இதில் நஷ்டம் அண்ணனுக்கு மட்டுந்தான். ஒருவரும் அவரைத் தேடிப் போவதில்லை. போன வாரம் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: "என்ன மனே, எல்லாருக்கும் எல்லாம் விளங்கிட்டா?"

பாவமாக இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றையே தெரியாதது போல் கேட்டேன். உடனே போன் எடுத்து, ஆசை ஆசையாகச் சொல்லித் தந்தார். ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும்.