கடைசி பெஞ்சுக் காலமானவர்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. அண்ணிக்கும் உங்கள் முழங்கால் வலிக்கும் என் விசாரிப்புகள். நீங்கள் என் போனை எடுத்து மூன்று மாதமாகிறது. கடிதமென்றால் தபால்காரர் உள்ளே போட்டுவிட்டுப் போய்விடுவார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல பதினோரு வருஷம் அடுத்தவன் பேச்சைக் கேட்டே, பிறப்பு இறப்பு ஆபீஸ்ல பதினாறு வருஷம் அடுத்தவன் சாவை எழுதினே, அம்பத்துநாலு வயசுல சட்டம் வேறயா?" என்று கேட்டுத்தான் போனை வைத்தீர்கள். நியாயமான கேள்வி. சட்டக் கல்லூரியில் முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது. பயத்தில் "உட்காருங்க" என்று சொல்லித் தொலைத்தேன், உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து எனக்கு டீச்சர் என்றே பெயர். நிஜ விரிவுரையாளர் வந்தபோது ஒருவரும் எழவில்லை. அவர் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

கூச்சத்தில் கடைசி பெஞ்சுக்குப் போனேன். அங்கே என் வயதில் ஒருவர், சத்தமே இல்லாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். வருகைப் பதிவில் அவர் பெயர் வரவேயில்லை. மூன்றாம் நாள் கேட்டேன். "என் பேர் வராதுங்க டீச்சர். நான் செத்து ஒன்பது வருஷமாச்சு" என்றார், பஸ் போய்விட்டது என்று சொல்கிற குரலில். நான் என் சாப்பாட்டு டப்பாவை மெதுவாக இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டேன். அவர் கப்பலில் வேலை பார்த்தவராம். காய்ச்சலில் நினைவு தப்பி, ஏதோ ஒரு துறைமுகத்து மருத்துவமனையில் பல வருஷம் கிடந்து, நினைவு திரும்பி வீடு வந்தால் அவருக்கு இறப்புச் சான்றிதழ் தயாராக இருந்திருக்கிறது. வக்கீல் வைக்கக் கையெழுத்துப் போட வேண்டும், செத்தவர் கையெழுத்து செல்லாது. அதனால் தானே சட்டம் கற்றுக்கொள்ள, அனுமதி வாங்கிச் சும்மா வந்து உட்காருகிறார். சான்றிதழை எடுத்துக் காட்டினார். அடியில் இருந்தது என் கையெழுத்து, அண்ணா. மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

பாவத்தைக் கழுவ, மாதிரி நீதிமன்றப் பயிற்சியில் அவர் வழக்கை எடுத்து வாதாடினேன். விரிவுரையாளர் நீதிபதி. எதிர்த்தரப்பில் தினமும் என்னிடம் பேனா கடன் வாங்கும் சாதுவான பெண். அவள்தான் அவரைக் குறுக்கு விசாரணை செய்தாள்.

"உங்க மனைவி உங்களை அடையாளம் காட்டினாங்களா?"

"அவங்களுக்கு வேற கல்யாணம் ஆயிடுச்சுங்க. ஜாடை இருக்குன்னு சொன்னாங்க."

"கைரேகை?"

"கயிறு இழுத்துத் தேஞ்சுபோச்சு."

"நடுவுல இத்தனை வருஷம் நினைவே இல்லைங்கறீங்க. அப்போ நீங்கதான் அவர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தேய்ந்த விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நானும் நம்பிட்டுத்தான் இருந்தேங்க" என்றார்.

மனுதாரர் காலமானவர், மனு தள்ளுபடி என்று தீர்ப்பானது. வகுப்பு கைதட்டியது. அவரும் தட்டினார். அவர் தட்டிய சத்தம் மட்டும் எனக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருந்தது.

நான்கு நாள் ஆளைக் காணோம். விசாரித்து அவர் அறைக்குப் போனேன். பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்திவிட்டு, கைகளை நெஞ்சில் கட்டி நேராகப் படுத்திருந்தார். "என்னங்க இது?" என்றேன். கண்ணைத் திறக்காமலே, "அதான் தீர்ப்பு வந்திருச்சே, டீச்சர்" என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "உங்களைச் சாகடிச்சதே நான்தான். எந்திரிங்க, நானே ஆபீசுக்குப் போறேன்" என்றேன். அப்போதுதான் கண்ணைத் திறந்து, என்னை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பழைய அலுவலகத்தில் கோப்பைத் தேடி எடுத்தேன். உள்ளே அந்த மருத்துவமனையின் கடிதம், 'இவர் உயிருடன் இருக்கிறார், உறவினரைத் தேடுகிறோம்' என்று. கடிதத்தின் மேலேயே நான் இறப்பு முத்திரை குத்தியிருக்கிறேன், படிக்காமல். எனக்குக் கீழே வேலை பார்த்த பெண்தான் இப்போது அதிகாரி. "அக்கா, தப்புன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, நீங்க பதிஞ்ச பதினெட்டாயிரம் பேரையும் சந்தேகப்படணும். விசாரணை உங்க மேலதான் வரும். யோசிச்சுக்கங்க" என்றாள். பதினெட்டாயிரம் பேரும் மாடிப்படியில் வரிசையாக, டோக்கனோடு நிற்பதுபோல் தோன்றியது. திரும்பிப் பார்க்காமல் திருத்த மனுவில் கையெழுத்துப் போட்டேன், இந்த முறை படித்துவிட்டு.

இனி என்ன வந்தாலும் வரட்டும். மனசு லேசாக இருக்கிறது, ராத்திரி தூங்குகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அத்தையின் ஆசிகள்.

உங்கள் வணக்கத்துக்குரிய கோபத்துக்கு அஞ்சாத,
தங்கை

பி.கு.: தபாலில் சேர்க்கும் முன்பு அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. அவரை உயிரோடு திருத்திவிட்டார்கள். ஆனால் இறப்புப் பதிவேட்டில் ஒரு வரிசை எண்ணைக் காலியாக விட கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லையாம். மனுவில் இருந்த இன்னொரு பெயரை அதுவே ஏற்றிக்கொண்டது. இன்று காலை வகுப்பில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து நின்று "உள்ளேன்" என்றார். என் பெயர் வரவில்லை. ஒரு தடவை நேரில் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள் அண்ணா. நான் உயிரோடு இருப்பதற்கு ரத்த சொந்தத்தின் சாட்சி கட்டாயம் வேண்டும் என்கிறார் என் வக்கீல். கடைசி பெஞ்சுக்காரர்தான்.