எக்ஸ் சமம் பூஜ்யத்தில் ஒரு குறை

இயற்பியல் துறையில் அலைகளையே ஆராய்ந்து 'அலையம்மா' என்று பெயர் வாங்கிய பேராசிரியை ஒருவர் இருந்தார். மூன்று வருஷம் முதுகொடிய உழைத்து ஒரு கட்டுரை எழுதி முடித்தார். தலைப்பு: 'துல்லியமாகத் தீர்க்கத்தக்க மாதிரிகளில் மாசுகளும் குறைகளும்'. மேலிடம் அனுமதித்தால் பதவி உயர்வு. இல்லாவிட்டால் மாடிப்படிக்கு அடியில் அதே இருட்டறை.

மேலிடத்தில் கட்டுரையை யாரும் படிக்கவில்லை, தலைப்பைப் படித்தார்கள். 'மாசு' என்று இருந்ததால் ஒரு நகல் மாசுத் தடுப்புப் பிரிவுக்கும், 'குறை' என்று இருந்ததால் இன்னொன்று குறைதீர்ப்புப் பிரிவுக்கும் 'உரிய மேல்நடவடிக்கைக்காக' அனுப்பப்பட்டன.

மாசு ஆய்வாளர் முகக்கவசத்தோடு வந்தார். கரும்பலகையை மோந்து பார்த்து, 'சாக்பீஸ் தூள் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மாசு ஒழிந்தது.

குறைதீர்ப்பு அதிகாரி அவ்வளவு லேசில் விடுகிற ஆள் இல்லை.

"குறை எங்கம்மா இருக்கு?"

"எக்ஸ் சமம் பூஜ்யத்துல, சார்."

"எந்த வார்டு?"

"வார்டெல்லாம் இல்ல சார். முடிவில்லாத ஒரு கோடு. அதுல ஒரே ஒரு புள்ளி மட்டும் கோளாறு. வர்ற அலை அதை எப்படித் தாண்டுதுன்னு கணக்குப் போட்டிருக்கேன்."

"கோளாறு பண்ணது யாரு?"

"நான்தான் சார் வச்சேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அரசு ஊழியரா இருந்துக்கிட்டு நீங்களே குறை வைக்கிறீங்களா?"

"குறை இருந்தாலும் அலை திரும்பி வராது சார். கொஞ்சம் தாமதமாகும், ஆனா முழுசா அந்தப் பக்கம் போய்ச் சேந்துடும்."

"திரும்பி வராதா?" அதிகாரி பேனாவை மறுபடி எடுத்தார். "முப்பது வருஷ சர்வீஸ்ல திரும்பி வராத மனு ஒண்ணைக்கூட நான் பாத்ததே இல்லம்மா. ஆனாலும் விதி விதிதான். முப்பது நாளைக்குள்ள குறையை நீக்கியாகணும்."

அலையம்மா கட்டுரையைத் திறந்தார். இருட்டறையை நினைத்துக்கொண்டு, குறையின் வலிமை பூஜ்யம் என்று ஒரு வரி எழுதினார். மூன்று வருஷ உழைப்பு ஒரே வரியில் காலி.

'குறை முழுமையாக நிவர்த்தி செய்யப்பட்டது' என்று சான்றிதழ் வந்தது. குறைதீர்ப்புப் பிரிவின் வரலாற்றிலேயே முழுமையாகத் தீர்ந்த முதல் குறை அதுதான். அலையம்மாவுக்கு விருது கொடுத்தார்கள். உடனே, தானே குறை வைத்துத் தானே தீர்ப்பது நாகரிகமாகிவிட்டது. கணிதத் துறை ஏழாவது பரிமாணத்தில் ஒரு ஓட்டையைப் பதிவு செய்து, மத்தியானத்துக்குள் அடைத்துக் காட்டியது. அலையம்மா குறைதீர்ப்புப் பிரிவுக்கே ஆலோசகர் ஆனார். ஜன்னல் வைத்த அறை. முதல் வேலையாகப் புதுப் படிவம் தயாரித்தார்: 'துல்லியமாகத் தீர்க்கத்தக்க குறைகள் மட்டுமே ஏற்கப்படும்.'

ஒரு நாள் அவருடைய சொந்த அக்காவே மனுவோடு வந்து நின்றாள்.

"ரெண்டு வாரமா வாசல்ல சாக்கடை வழியுதுடி. தெருவே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நடக்குது."

அலையம்மா மனுவை மேலும் கீழும் பார்த்தார். சங்கடமாகத்தான் இருந்தது.

"அக்கா, இதுல குழாய், சாக்கடை, ஒப்பந்தக்காரர், பக்கத்து வீடு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதுது. இதுக்குத் துல்லியமான தீர்வு கிடையாதே!"

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"மத்ததெல்லாம் இல்லன்னு வச்சுக்கோ. உன் வீடு மட்டும் தனியா நிக்குது, சுத்தி எதுவுமே இல்லன்னு எழுதிக் குடு. நாளைக்கே தீத்துடறேன்."

அக்கா அப்படியே எழுதிக் கொடுத்தாள். மறுநாள் சான்றிதழ் வீடு தேடி வந்தது. அதைப் பார்த்துத் தெருவே பொறாமைப்பட்டது. சாக்கடையைத் தாண்டித் தாண்டி, ஆளுக்கொரு படிவம் கேட்டு வரிசையில் நின்றார்கள்.