மாமனார் காரின் நடு பில்லர்

"தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, மேல பெயின்ட் அடிச்சுட்டா வெளிய தெரியாதுல்லண்ணே?"

"தெரியாது. அடுத்த தடவை எவனாவது இடிச்சா நீங்களும் வெளிய தெரிய மாட்டீங்க."

டிங்கர் அண்ணன் சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். பட்டறை நடுவில் மாமனாரின் கார், விலாவில் குத்து வாங்கிய ஆள் மாதிரி நின்றது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையில் இருக்கும் தூண் உள்பக்கமாக வளைந்திருந்தது.

மாப்பிள்ளை செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். சரக்கு இறக்கிக்கொண்டிருந்த லாரிக்குப் பின்னால் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு, "ரெண்டே நிமிஷம்" என்று கடைக்குள் போனார். லாரிக்கு ஒரே நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டது.

"இது நடு பில்லர் சார். கூரை, சீட் பெல்ட், ரெண்டு கதவு, எல்லாம் இதை நம்பித்தான் நிக்குது. வெட்டி எடுத்துட்டுப் புதுசு வெல்டு பண்ணணும்."

"மாமனாருக்குத் தெரியக் கூடாதுண்ணே."

"பில்லருக்கு உங்க மாமனார் யாருன்னே தெரியாது சார். வளைஞ்சா வளைஞ்சதுதான்."

மாப்பிள்ளைக்குக் கார்கூடப் பெரிய கவலை இல்லை. அலுவலகத்தில் மேலாளர், வீட்டில் மனைவி, பெற்ற அம்மா, எல்லோருக்கும் அவர் கைபட்டாலே உடைக்கிற பேர்வழி. உலகத்திலேயே மாமனார் ஒருவர்தான் கேட்காமலே சாவியை நீட்டி, "எடுத்துட்டுப் போங்க மாப்பிள்ளை, உங்க கையில கொடுத்தாத்தான் எனக்கு நிம்மதி" என்பார். கையில் இருந்த அந்த ஒரே சர்டிஃபிகேட்டும் இப்போது வளைந்து கிடந்தது.

"மூஞ்சியத் தொங்கப் போடாதீங்க" என்றாள் மனைவி. "இதுக்கு முன்னாடி இடிச்சதையெல்லாம் அப்பா கண்டுபிடிச்சாரா?"

"இல்ல."

"இதையும் மாட்டாரு. பண்றத மட்டும் ஒழுங்காப் பண்ணுங்க."

டிங்கர் அண்ணன் ஒழுங்காகவே பண்ணினார். கூரைக்கு முட்டுக் கொடுத்து, வளைந்த தூணை வெட்டி எடுத்து, புதுசை நிறுத்தினார். வெல்டு வைக்கும் முன் இரண்டு கதவையும் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். சந்து மேலேயும் கீழேயும் ஒரே அளவாக வந்த பிறகுதான் வெல்டு. பிறகு அந்தப் பக்கம் முழுக்கப் புதுப் பெயின்ட்.

அங்கேதான் வந்தது வினை. இந்தப் பக்கம் பளபளக்க, மறுபக்கம் கழுவாத பாத்திரம் மாதிரி தெரிந்தது.

"அந்தப் பக்கமும் அடிச்சிடுங்கண்ணே."

அடித்தார்கள். இப்போது கூரை இளித்தது. அதையும் அடித்தார்கள். கார் ஷோரூமிலிருந்து தப்பி வந்தது போல் நின்றது.

மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "யார் காருங்க இது?"

"உங்கப்பா கார்தான்."

"எங்கப்பாகிட்ட சொல்லிப் பாருங்க, அவரே நம்ப மாட்டாரு."

மாப்பிள்ளை காரை மண் ரோட்டில் ஓட்டினார். பெரிய மரமாகப் பார்த்து அடியில் நிறுத்தினார். காக்காய்களும் தங்களால் முடிந்ததைச் செய்தன. ஒருவழியாகக் காருக்குப் பழைய களை வந்தது.

மாமனார் போன் செய்தார். "கார் எப்படி ஓடுது மாப்பிள்ளை?"

"சூப்பரா ஓடுது மாமா. நாளைக்குக் கொண்டு வந்துடறேன்."

"அவசரமே இல்ல. நல்லா ஓட்டுங்க. சந்து பொந்தெல்லாம் விட்டு ஓட்டுங்க."

இப்படிப்பட்ட மனுஷரையா ஏமாற்றுகிறோம் என்று மாப்பிள்ளை நொந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து மனைவி முன்கதவைச் சாத்தினாள்.

'துப்.'

பூனை குதித்தது போல் மெத்தென்று மூடிக்கொண்டது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அது மாமியார் உட்காரும் பக்கம். பல வருஷமாக அந்தக் கதவு சொன்ன பேச்சுக் கேட்டதில்லை. கைப்பிடியை மேலே தூக்கி, இடுப்பால் ஓங்கி ஓர் இடி இடித்தால்தான் மூடும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தெருவே அவர்கள் வெளியே கிளம்புவதைத் தெரிந்துகொள்ளும்.

"போச்சு! அம்மா ஏறி உக்காந்த உடனே மாட்டிக்குவோம்" என்றாள் மனைவி.

கார் மறுபடியும் பட்டறைக்குப் போனது.

"கதவைக் கொஞ்சம் கெடுத்துக் கொடுங்கண்ணே."

டிங்கர் அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தார். "சந்து பாத்துப் பாத்து மாட்டின கதவு சார் அது!"

"முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும்ணே. என் மானமே இதுலதான் இருக்கு."

"பில்லர்ல கை வைக்க மாட்டேன். பூட்டுலயும் வைக்க மாட்டேன். வேணும்னா கீல்ல ஒரு நூல் இறக்கறேன். நான்தான் பண்ணேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

முதல் முறை இறக்கியதில் கதவு மூடவே இல்லை. அடுத்த முறை ஒற்றை விரலுக்கே மூடிக்கொண்டது. அதற்கடுத்த முறை மனைவி இடுப்பால் இடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"சத்தம் சரியில்லண்ணே. அம்மா இடிச்சா 'ணங்'குனு கேக்கும். இது 'டொக்'குங்குது."

"உங்கம்மா இடுப்புக்கு நான் எங்க போவேன்மா?" என்ற டிங்கர் அண்ணன், கீலை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டுக் கோபத்தில் தன் இடுப்பாலேயே ஒன்று விட்டார்.

'ணங்!'

"அம்மாவேதான்!" என்று மனைவி கைதட்டினாள். டிங்கர் அண்ணன் கதவைப் பார்க்காமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் மாமனார் வாசலிலேயே காத்திருந்தார். பம்பரைப் பார்க்கவில்லை, பெயின்ட்டைப் பார்க்கவில்லை. நேராக முன்கதவுக்குப் போனார். திறந்தார். ஒரு விரலால் மெல்லத் தள்ளினார். மூடவில்லை. இன்னொரு தடவை தள்ளினார். ம்ஹும். கைப்பிடியைத் தூக்கி இடுப்பால் இடித்தார்.

'ணங்!'

மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாமனார் முகம் மட்டும் சுருங்கிப்போனது. சாவியைக்கூட வாங்காமல் உள்ளே போய்விட்டார்.

"என்னாச்சு அத்தை? மாமாவுக்கு உடம்பு சரியில்லையா?"

மாமியார் கதவைத் தடவிக் கொடுத்துப் பெருமூச்சு விட்டார். "உடம்புக்கு என்ன மாப்பிள்ளை, மனசுதான் விட்டுப்போச்சு. போன தடவை உங்க கையில கொடுத்தப்ப பம்பர் புதுசா வந்துச்சு, அதுக்கு முந்தி பின்விளக்கு. இந்தத் தடவை எப்படியும் கதவு சரியாகிடும்னு ரெண்டு பேரும் அவ்வளவு நம்பிக்கையா இருந்தோம். இன்னும் ஒரு வாரம் வச்சிருந்து ஓட்டிப் பாக்கறீங்களா, என்ன சொல்றீங்க?"