புள்ளிக் குதிரைக்கு மேக்கப் போட்டவன்

இதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதி யார் படிக்கப் போகிறார்கள் என்று ஒரு சோம்பல். ஆனால் வளைகுடாவில், இந்த அஜ்மானில், நம் ஆட்கள் தங்கும் எந்த ரூமுக்குச் சாப்பிடப் போனாலும் இந்தக் கதையை எனக்கே சொல்கிறார்கள், அதுவும் தப்புத்தப்பாக. (நான் குதிரைக்கு லிப்ஸ்டிக் போட்டதாக ஒருவன் சொல்கிறான். லிப்ஸ்டிக் போடவில்லை.)

அஜ்மானுக்கு வெளியே ஒரு குதிரை லாயத்தில் எனக்கு வேலை. இருந்ததெல்லாம் அரபுக் குதிரைகள். போட்டி நாளில் குளிப்பாட்டி, குளம்புக்குக் கறுப்புப் பாலிஷ் அடித்து, மூக்கைச் சுற்றிக் கறுப்பு மை தேய்த்து அனுப்புவோம். கல்யாணப் பெண் தோற்றுவிடுவாள். மூன்று வருஷமாக இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தேன். அதுதான் வினை.

அப்போது நஜ்மா வந்தாள். அப்பா அரபுக் குதிரை. அம்மா அப்பலூசா, அமெரிக்கப் பழங்குடிகள் வளர்த்த புள்ளிக் குதிரை இனம். அப்பாவிடமிருந்து குழிந்த முகமும் தூக்கிய வாலும் வந்திருந்தன. அம்மாவிடமிருந்து, இங்க் பேனாவை உதறியது மாதிரி, வெள்ளைப் புட்டத்தில் பழுப்புப் புள்ளிகள்.

அவளைக் கவனித்துக்கொண்டது கஜன் அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர். ஊரில் பிறந்து எட்டு மாதமான மகளை அவர் போனில் மட்டும்தான் பார்த்திருந்தார். நஜ்மாவை இனப் பதிவேட்டில் சேர்த்துப் பேப்பர் கைக்கு வந்ததும் லீவு என்று முதலாளி சொல்லியிருந்தார். (மகளுக்கும் பேப்பர் உண்டா, எத்தனை புள்ளி என்று தினமும் கேட்பேன். சும்மா விடுவேனா?)

பதிவுக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா வருவதாக ஏற்பாடு. அவரை அழைத்துவரக் கிளம்பும்போது அண்ணன் சொன்னார்:

"குளிப்பாட்டிப்போட்டு சும்மா நிப்பாட்டு. வேற ஒண்டும் செய்யாதை."

குளிப்பாட்டினேன். அழுக்கு போனதும் பார்த்தால் குளம்பு வரிவரியாக இருக்கிறது. மூக்கோரம் ரோஸும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கிறது. பெண் பார்க்க ஆள் வருகிற நேரத்தில் இதென்ன கோலம்? அண்ணனுக்கு ஒரு சர்ப்ரைஸ் கொடுக்க நினைத்தேன். பாலிஷும் மையும் பத்தே நிமிஷ வேலை. நஜ்மா கண்ணின் வெள்ளை தெரிய என்னை முறைத்தாள். (அந்த இனத்துக்கு மனிதர் மாதிரி கண்ணில் எப்போதும் வெள்ளை தெரியுமாம், பிறகு சொன்னார்கள். முறைத்தும் இருக்கலாம்.)

வந்த அம்மா குனிந்து குளம்பைப் பார்த்தார். கறுப்பு. மூக்கைப் பார்த்தார். அதுவும் கறுப்பு. அப்பலூசா ரத்தத்துக்கு அடையாளமே அந்த வரியும் திட்டும்தான், அவற்றைப் பார்க்கத்தான் அவர் வந்ததே. மூக்கில் விரலால் தேய்த்தார். விரல் கறுத்தது. விரலைப் பார்த்தார், பிறகு மெதுவாகப் புட்டத்துப் புள்ளிகளைப் பார்த்தார். மூக்கில் மை என்றால் புள்ளி மட்டும் எப்படி நிஜமாகும்?

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதனால் நான் பேசினேன்.

"மேடம், நோஸ் மை வொர்க். ஸ்பாட் காட் வொர்க்."

அவர் ஃபைலை மூடிவிட்டார். சாயம் பூசிய குதிரையைப் பதிய முடியாது, அடுத்த முறை மயிர் எடுத்து டெஸ்ட் செய்துதான் பார்ப்பேன் என்று காரில் ஏறினார்.

அடுத்த முறை வர மூன்று மாதமானது. நஜ்மா பாஸ், அண்ணனுக்கு லீவும் கிடைத்தது. அதற்குள் மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். அந்த முதல் அடியையும் அண்ணன் போனில்தான் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. போனை என் பக்கமும் திருப்பிக் காட்டினார். அன்றைக்கு மட்டும் நான் புள்ளியைப் பற்றிக் கேட்கவில்லை.

இப்போது மை டப்பா அலமாரியில் பூட்டியிருக்கிறது. சாவி என்னைத் தவிர எல்லோரிடமும் உண்டு.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷமாகிறது, போன வாரம் அண்ணனுக்கு இரண்டாவது பிள்ளை. இந்த முறை லீவு போட்டுப் பக்கத்திலேயே இருந்தார். நானும் லீவில் ஊருக்குப் போகிறேன், கொழும்பு வழியாக வந்து பார்க்கட்டுமா, பிள்ளைக்கு என்ன வாங்கி வரட்டும் என்று மெசேஜ் போட்டேன். பதில் வந்தது:

"ஒண்டும் வேண்டாம் தம்பி, கையைக் கழுவிப்போட்டு வா."