மைக் செட்டும் எங்கள் ஊர் நீர்க்கடுப்பும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் ரகசியம் என்ற ஒன்று அடியோடு அழிந்து போனதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கடையில்கூட யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மைக் செட்டு. அவ்வளவுதான். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டுவது அவர்தான். குழாய் ஸ்பீக்கருக்குக் கீழேயே காலத்தை ஓட்டியதில் காது முக்கால்வாசி போய்விட்டது. தனக்குக் கேட்காதது பிறருக்கும் கேட்காது என்று முடிவு கட்டி, வாழ்க்கை முழுவதையும் கத்தியே நடத்தினார். எங்கள் தெருவில் அவர் கொட்டாவி விட்டால் காவாந்தண்டலத்தில் மாடு திரும்பிப் பார்க்கும்.

அவரிடம் ஒரு குட்டி யானை வண்டி உண்டு. ஸ்பீக்கர் ஏற்றாத நாளில் நோயாளி ஏற்றும். வாடகை கேட்க மாட்டார். வியாதி என்ன என்று கேட்பார். கேட்டதை ஊருக்குச் சொல்லிவிடுவார்.

எதிர் வீட்டு வசந்தா நூறு நாள் திட்டத்தில் ஏரி வேலைக்குப் போகிறவள். ஆண்களுக்கு ஏரிக்கரை முழுவதுமே கழிப்பறை. பெண்களுக்கு ஒரு புதர்கூட மறைவாக இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கி அடக்கி, அவளுக்கு நீர்க்கடுப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கைவைத்தியப்படி கால் கட்டைவிரலில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு நாலு நாள் பல்லைக் கடித்தாள். அப்புறம் மைக் செட்டின் வண்டியில் ஏறினாள். சுகாதார நிலையத்தில் அவள் டாக்டரம்மாவிடம் முணுமுணுக்க, வண்டியிலேயே கேட்டு வைத்திருந்ததை இவர் திரைக்கு வெளியே நின்று ஒலிபரப்பினார்.

“எரியுதாம் மேடம்! ஒண்ணுக்குப் போனா நெருப்பு வெச்சா மாதிரி எரியுதாம்!”

பெஞ்சில் இருந்த பதினொரு பேரும் நிமிர்ந்தார்கள்.

“யோவ், உன்ன வண்டி ஓட்டத்தான கூப்ட்டேன்? மைக்கு கட்டவா சொன்னேன்?” என்று உள்ளேயிருந்து வசந்தா சீறினாள்.

டாக்டரம்மா கோபிக்கவில்லை. பெண்களுக்குச் சிறுநீர் வரும் பாதை நீளம் குறைவு, அதனால் கிருமி சுலபமாகச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும் என்றார். அடக்கக் கூடாது, தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும், எரிச்சல் நின்றாலும் மாத்திரையை முடிக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது வசந்தாவுக்கு. பிடித்துக்கொண்டது மைக் செட்டு.

அடுத்த மாதம் வசந்தாவின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை, குடித்த பாலையெல்லாம் கக்கியது. பல் முளைக்கிறது என்றார்கள். கண்ணேறு என்றார்கள். டாக்டரம்மா சிறுநீரைப் பரிசோதித்தார். அதே தொல்லைதான். எரிகிறது என்று குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, காய்ச்சலாகவும் வாந்தியாகவும்தான் காட்டும், கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரைக்கும் போய்விடும் என்றாராம். மைக் செட்டு இதையும் மனப்பாடம் செய்துகொண்டார்.

ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாள் வந்தது. வேப்பமரத்தில் நான்கு குழாய், நான்கு திசைக்கு.

“அலோ, அலோ, மைக் டெஸ்ட்டிங்! ஒன், டூ, த்ரீ! தாய்மார்களே, அடக்கிக்கினு இருக்காதீங்க! பொம்பளப் புள்ளைங்கள முன்னாலேர்ந்து பின்னால கழுவுங்க! கொழந்தைக்கு சும்மா சும்மா காச்சலடிச்சா ஒண்ணுக்கு டெஸ்ட்டு எடுத்துப் பாருங்க!”

கூழ்ப்பானையோடு நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பூசாரி தலைதெறிக்க ஓடி வந்தார்.

“யோவ், அம்மன் காதுல வுழுதுய்யா!”

“வுழட்டுமே! அதுவும் பொம்பளதான!”

ஊர்க்கூட்டத்தில் அவருக்கு எதிராக மிக நீளமாகப் பேசியவன் நான்தான். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன், ஒன்பது குற்றச்சாட்டுகளை எண் போட்டுச் சொன்னேன். இதெல்லாம் மானமுள்ளவன் வாயில் வருகிற பேச்சா என்று முடித்தேன். “செரி சார்” என்றார். அந்தச் “செரி சார்” புள்ளலூர் வரை கேட்டிருக்கும்.

அடுத்த சித்திரையில் அது எனக்கு வந்தது.

பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருவது ஆண்பிள்ளைக்கு எப்படி வரும் என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். ராத்திரி ஏழு தடவை எழுந்தேன். போனால் சொட்டு. வந்து படுத்தால் மறுபடியும் முட்டும். போதாக்குறைக்குக் குளிர் நடுக்கம். மைக் செட்டுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். என் ஒன்பது குற்றச்சாட்டையும் வரிசை மாறாமல் எனக்கே படித்துக் காட்டுவார்கள். அதனால் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. சுண்ணாம்பைக் கட்டைவிரலில் தடவி, மேலே சாக்ஸ் போட்டு மறைத்துக்கொண்டேன்.

காலையில் மைக் செட்டு வாசலில் வந்து நின்றார்.

“இன்னா சார், இந்த வெயில்ல சாக்ஸு?”

“பித்த வெடிப்பு.”

“அதுக்கு ஒடம்பு ஏன் சார் ஆடுது?”

நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். குனிந்தார். ஒரே இழுப்பில் சாக்ஸை உருவினார். வெள்ளை வெளேரென்று என் கட்டைவிரல். தெருவுக்குச் செய்தி போகப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“வண்டில ஏறு சார்” என்றார். வியாதி என்ன என்று கேட்கவில்லை.

சுகாதார நிலையத்து பெஞ்சு முழுக்க எங்கள் ஊர்ப் பெண்கள். நடுநாயகமாக வசந்தா. டாக்டரம்மாவுக்கும் அவர்களுக்கும் நடுவே இருந்தது ஒரு துணித் திரைதான். “யாருக்கு, என்ன பண்ணுது?” என்றார் டாக்டரம்மா. நான் திரையைத் திரும்பிப் பார்த்தேன்.

“எனக்குத்தான் மேடம்!” என்று கூரை அதிர்ந்தது. “சொட்டு சொட்டா வருது! குளுர் வேற! சார் சும்மா தொணைக்கு வந்துகிறாரு!”

வெளியே சிரிப்பு வெடித்தது. கல்லு மாதிரி நின்ற அவரை டாக்டரம்மா பார்த்தார், கிடுகிடுவென்று நடுங்கிய என்னைப் பார்த்தார். தெர்மாமீட்டரை என் அக்குளில் வைத்துவிட்டு, கேள்வியை அவரிடம் கேட்டார்.

“ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?”

“ஆறு வாட்டி!”

“ஏழு” என்றேன் பல்லுக்குள், ஏழு விரலை அவருக்குக் காட்டி. கணக்கு தப்பாகப் போவதைப் பொறுக்க முடியவில்லை.

“ஏழு மேடம்! சார் கரெக்டா சொல்றாரு!”

“உன் ஒண்ணுக்க சார் இன்னாத்துக்கு எண்ணிக்கினு கீறாரு?” என்று வசந்தா வெளியிலிருந்து கேட்டாள்.

“படிச்ச மனுசன், கை சும்மா இருக்குமா!”

டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, அவருக்குச் சொல்வது போல எனக்குச் சொன்னார். ஆண்களுக்கு இது அவ்வளவு சுலபமாக வராது, வந்தால் ஏன் வந்தது என்று பார்த்தாக வேண்டும். வயதானால் புராஸ்டேட் சுரப்பி பெருத்துப் பாதையை நெருக்கும். சிறுநீர் முழுசாக வெளியேறாமல் தேங்கும், தேங்கிய இடத்தில் கிருமி சேரும். குளிரும் காய்ச்சலும் வந்த பிறகும் வெட்கப்பட்டு வீட்டிலேயே கிடந்தால் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே உலை வைக்கும். ஊசியும் மாத்திரையும் கொடுத்தார், காஞ்சிபுரத்தில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். “புரிஞ்சுதா?” என்றார். “புரிஞ்சுது மேடம்!” என்று அவர் கத்தினார், நான் தலையாட்டினேன். பரிசோதனைக் குப்பியை மட்டும் நானே வாங்கிக்கொண்டேன். அதில் அவரால் உதவ முடியாது.

மறுநாள் டீக்கடையில் அவரை விடவில்லை. “இன்னா மைக் செட்டு, சவுண்டு மட்டும் வருது, தண்ணி வரலியாமே?”

“வயசானா உனக்கும் அதான்டா! போய்க் காட்டிக்கோ!”

அந்த வாரமே இரண்டு பேர், தனித்தனியாக, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனதாகக் கேள்வி. ஊர்ப் பெண்கள் மாற்றி மாற்றி அவர் வீட்டுக்குப் பார்லித் தண்ணீர் கொடுத்தனுப்பினார்கள். ஒரு சாயங்காலம் கையில் சொம்போடு தெருவைக் கடந்து வந்தார்.

“சார்! எனக்குன்னு குடுத்தது! அண்டா அண்டாவா கீது! வீணாப் பூடும், கொஞ்சம் குடி சார்!”

தெருவே கேட்டது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

வாங்கிக் குடித்தேன். உப்பே இல்லை. அதைப் பத்தாவது குற்றச்சாட்டாகச் சேர்க்கவில்லை.